இங்கு கேஸ் போடப்படும்

ஃப்ரிஜ்ஜு மெக்கானிக் வேலையில் பாதி நேரம் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்பதில் போகும், மீதி நேரம் கேட்டபடியே கனவு காண்பதில் போகும்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, பெங்களூர் ரோட்டைப் பார்த்த மாதிரி என் கடை. வெயில் காலத்தில் அந்தத் தார் ரோட்டில் தண்ணீர் ஓடுவதுபோல் கானல் ஓடும். லாரிகள் எல்லாம் மிதந்து வருவதுபோல் தெரியும். கடைக்குள் ரிப்பேருக்கு வந்த ஒரு ஃப்ரிஜ்ஜு மெல்ல முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலுக்கு ஒரு மயக்கம் உண்டு. கம்ப்ரஸர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் கண் திறந்திருக்கும்போதே தூக்கம் வந்துவிடும். நீங்களும் என்னைப் போல அடுத்தவர் வீட்டுச் சாமானை ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவராக இருந்தால், கனவு நடுவில் இருக்கும்போதுதான் வாடிக்கையாளர் வந்து நிற்பார் என்பது உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

போர்டு

கடைக்கு போர்டு எழுதியவரிடம் "ஃப்ரிஜ்ஜு ரிப்பேர் செய்து கேஸ் நிரப்பித் தரப்படும்" என்று எழுதச் சொல்லியிருந்தேன். பலகை சின்னது, அவருடைய எழுத்தோ பெரியது. "ஃப்ரிஜ்ஜு ரிப்பேர்" என்பதிலேயே முக்கால் பலகை தீர்ந்துவிட்டது. மிச்ச இடத்தில் "இங்கு கேஸ் போடப்படும்" என்று முடித்துவிட்டார். எங்கள் தொழிலில் கேஸ் போடுவது என்றுதான் பேச்சு வழக்கு, அதனால் எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

அதன் பிறகுதான் அந்த ஒரு சொல்லுக்கு ஊரில் எத்தனை அர்த்தம் என்று கற்றுக்கொண்டேன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுகிறவர் கேஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, எரிகிற மேன்ட்டில் வலையைக் கட்டித் தரச் சொன்னார். ஒருத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, சாப்பிட்டதும் கேஸ் ஏறுகிறது என்றார். ஒரகடத்திலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் மறக்க முடியாதவர். வந்தார், டேபிள் ஃபேனுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏரிக்கரை நிலம், வரப்பு, பங்காளி நட்ட கல் என்று ஆரம்பித்துவிட்டார். நான் கம்ப்ரஸர் சத்தத்தில் சொக்கிப்போய் "உம்... உம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சும் அந்த முனகலும் ஒன்றாகக் கலந்து, எங்கேயோ ஓர் ஏரியில் தண்ணீர் ததும்புவது போல இருந்தது. கடைசியில் அவர் எழுந்து, மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் உன்கையில சொல்லிட்டேன். போடறதுதான் போடற, ஜெயிக்கிற கேஸா பாத்துப் போடு!"

முட்டைக் குழியில் ஒரு சீசா

மண்ணூரில் ஸ்டெல்லா டீச்சர் வீடு இருந்தது. ஒரே அறை, அதில் ஒரு தடுப்புச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அந்த அறையில் ராஜா மாதிரி நின்றது ஒரு பழைய ஃப்ரிஜ்ஜு. அதன் தலையில் பூ வேலை செய்த துணி விரித்து மாதா சொரூபத்தை வைத்திருந்தார்கள். வீட்டிலேயே உயரமான, கைபடாத இடம் அதுதானே.

உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. தண்ணீர் பாட்டில், நேற்றைய குழம்பு, கதவில் முட்டை வைக்கிற குழி ஒன்றில் சின்ன மருந்துச் சீசா. மகள் ஜெசிந்தாவுக்கு விவரம் தெரியாத வயசிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் இன்சுலின் ஊசி. அந்த மருந்து வெயிலில் கெட்டுப்போகும், கெட்டால் மறுபடி மெட்ராஸ் போய்த்தான் வாங்கவேண்டும். நான் சர்வீஸுக்குப் போனால் அந்தப் பெண் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கதவைத் திறந்ததும் குளிர்ப்புகை தரையில் வழிந்து வரும், அதில் காலை நீட்டி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும். கதவை மூடினால் உள்ளே லைட்டு நிஜமாகவே அணைகிறதா என்று ஒருநாள் கேட்டது. கதவு சுவிட்சை விரலால் அழுத்தி அணைவதைக் காட்டினேன். அப்படியானால் மருந்து இருட்டில் தனியாகப் பயப்படாதா என்றது. அந்தக் கேள்விக்கு எந்த மெக்கானிக்கிடமும் ஸ்பேனர் கிடையாது.

டீச்சர் எனக்கு மோர் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தார். மகளுக்குக் கேட்காத தூரத்தில் வைத்துச் சொன்னார்: "தம்பி, ஊர்ல எல்லாரும் ஃப்ரிஜ்ஜுல ஐஸ்வாட்டர் வெச்சிருக்காங்க. நான் எம்பொண்ணோட உயிரை வெச்சிருக்கேன். இது மட்டும் நின்னுடாம பாத்துக்குங்க."

சந்தோஷப்பட்ட விளக்கு

அந்தக் காலத்தில் கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் நெருப்பைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போவோம். சிரிக்காதீர்கள். ஸ்பிரிட்டில் எரிகிற சின்னப் பித்தளை விளக்கு அது. சுடருக்கு நடுவில் செப்புத் தகடு இருக்கும். பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் தொங்கும், சுடருக்கு வேண்டிய காற்றை அதுதான் இழுத்துக் கொடுக்கும். குழாயின் நுனியை ஃப்ரிஜ்ஜின் ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே போகவேண்டும். கசிவு இருக்கிற இடத்தில் நீலச் சுடர் பச்சையாக மாறும். அப்போது ஃப்ரிஜ்ஜுகளில் இருந்த கேஸ் எரியாது, சுடருக்கு நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும். அறையை இருட்டாக்கிக்கொண்டு அந்தப் பச்சைக்காகக் காத்திருப்பேன். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த நேரம் அது. சுடர் பச்சையானபின்னும் கொஞ்சநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன்.

பிள்ளைப்பாக்கத்தில் ஏகாம்பரம் என்று ஒரு விவசாயி. கம்பெனிக்கு நிலம் கொடுத்த கையோடு வீட்டுக்கு ஃப்ரிஜ்ஜு வாங்கியவர். பெட்டியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் வருகிறது என்று கூப்பிட்டிருந்தார். அதற்கு அவர் மருமகளின் கருவாட்டைக் காரணம் சொன்னார், மருமகள் மாமனாரின் மருந்து எண்ணெயைக் காரணம் சொன்னாள். நான் இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை ஏற்றிப் பின்பக்கம் குனிந்தேன். குழாய் நுனி ஒரு மூட்டுக்குப் பக்கத்தில் போனது. பச்சை வரவில்லை. சுடர் ஒரு மாதிரி ஆடியது, மஞ்சளானது, பிறகு விளக்கின் வாயிலிருந்து நாக்கை நீட்டி என் புருவத்தை நக்கிவிட்டது. எப்படி விளக்கை அணைத்தேன், எப்படி முற்றத்துக்கு வந்தேன் என்று நினைவில்லை. மூக்கில் கருகிய ரோமத்தின் வாசனை. அதற்கும் பின்னால் அந்த நாற்றம். மெட்ராஸில் சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகளில் முகர்ந்தது அது. சமையல் கேஸ். யாரோ ஃப்ரிஜ்ஜுக்குள் அடுப்பு கேஸை அடைத்து வைத்திருக்கிறார்கள்!

பெட்டியைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் ஒரு பீடிகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே விட்டேன். யார் போட்ட கேஸ் இது என்று கேட்டதற்கு, இருங்காட்டுக்கோட்டை தயாளன் என்றார். ஏகாம்பரம் என் புருவத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மெக்கானிக், எங்கூட்டு ஃப்ரிஜ்ஜைப் பாத்ததும் உன் வெளக்குக்கு இம்மாம் சந்தோசம்?"

டீக்கடை விஞ்ஞானம்

மறுநாள் காலை, மண்ணூர் பக்கமிருந்து வந்த பஸ் என் கடை வாசலில் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே தகவல் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் வீட்டில் ஐஸ் கட்டிப்போய், கத்தியால் பெயர்த்தார்களாம், உஸ்ஸென்று சத்தம் வந்து கேஸ் போய்விட்டதாம், விளக்கை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வரவேண்டுமாம். ஃப்ரிஜ்ஜு வைத்திருக்கும் மகாஜனங்களே, இதை உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்: ஃப்ரீஸரின் தகடு அப்பளம் மாதிரி மெல்லியது, அதில் கத்தியை வைத்துக் குத்தாத வீடு ஒன்றாவது உண்டா? எனக்குக் கவலை பெரிதாக இல்லை. கதவை மூடி வைத்திருந்தால் மருந்து கொஞ்ச நேரம் தாங்கும். சாமான்களை எடுத்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று எதிர்க் கடைக்குப் போனேன். அங்கே தயாளன் உட்கார்ந்திருந்தான்.

கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவன் அவன். சட்டைப் பையில் சீப்பு, வாயில் எப்போதும் ஒரு பாட்டு. கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது, அதுதான் கஷ்டம். பிள்ளைப்பாக்கம் விஷயத்தைக் கேட்டேன். பாராட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமாண்ணா, நான்தான் போட்டேன். உன் கேஸு மெட்ராஸ்லேர்ந்து வரணும், சம்மருன்னா அதுவும் கெடைக்காது. நான் யோசிச்சுப் பாத்தேன். அதுவும் கேஸு, இதுவும் கேஸு. பேரே ஒண்ணுதானேண்ணா? அடுப்புல எரியறத பெட்டிக்குள்ள உட்டு குளிர வெச்சுட்டேன்!" அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. சமையல் கேஸ் நன்றாகவே குளிரவைக்கும். ஆனால் கசிந்தால்? பெட்டிக்குள்ளேயே கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இருக்கிறது, கதவு சுவிட்சு இருக்கிறது, 'டிக்' என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி. அந்தப் பொறிக்கு நிறம் மாற்றத் தெரியாது, கொளுத்தத்தான் தெரியும். இப்போதெல்லாம் கம்பெனியே எரிகிற கேஸைப் போட்டு ஃப்ரிஜ்ஜு அனுப்புகிறது, அது உண்மை. ஆனால் அது அதற்கென்றே கட்டிய பெட்டி. கேஸ் துளியளவு, பொறி வெளியே வராத சுவிட்சு, முதுகில் நெருப்புப் படம் போட்ட எச்சரிக்கை. தயாளன் போட்டது பழைய பெட்டியில், தோராயமாக, பாட்டுப் பாடிக்கொண்டே.

இதையெல்லாம் சொல்லி, கருகிய புருவத்தையும் காட்டினேன். பாட்டு நின்றது. வேறு எங்கெல்லாம் போட்டாய் என்று கேட்டேன். ஒரகடம் ரைஸ் மில் முதலாளி வீடு என்றான். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்புறம்... நீ மெட்ராஸ் போயிருந்தப்ப மண்ணூர் டீச்சரு வந்து அழுதுச்சுண்ணா. பொண்ணுக்கு மருந்து கெட்டுப்பூடும்னு. அதுக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன்."

ஒருசந்தி

என் மொபெட்டில் இரண்டு பேரும் போனோம். எத்தனையோ தடவை கனவு கண்டுகொண்டே போன ரோடு அது. அன்றைக்கும் கனவு மாதிரிதான் இருந்தது, ஆனால் கால் ஓடியும் இடம் நகராத கனவு. கானல் முன்னால் முன்னால் ஓடுகிறது, புளியமரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, தயாளன் என் தோளைப் பிடித்துக்கொண்டு "போண்ணா, போண்ணா" என்கிறான். வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. என் மனசுக்குத்தான் அது போதவில்லை.

அது தவசு காலத்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. டீச்சருக்கு ஒருசந்தி, சாயங்காலம் கோவிலில் சிலுவைப் பாதை முடிந்துதான் அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு. அதனால் காலையிலிருந்து ஸ்டவ் பற்றவைக்கவில்லை. ஆனால் நோயாளிப் பெண்ணுக்கு ஒருசந்தி கிடையாதே. நாங்கள் போனபோது கரண்ட் இல்லை. டீச்சர் ஃப்ரிஜ்ஜைத் திறந்து மருந்தை எடுத்து மகளுக்கு ஊசி போட்டு முடித்திருந்தார். ஊசி போட்டால் சீக்கிரமே சாப்பிட்டாகவேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் வந்துவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார், ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி. இந்தப் பக்கம் ஜெசிந்தா வெக்கைக்கு வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீர் போலப் பள்ளம் தேடித் தரையில்தான் பரவும். அறை முழுக்க அந்த முட்டை நாற்றம். சிலிண்டரே இல்லாத வீட்டில் டீச்சர் அதைப் பெட்டிக்குள் ஏதோ கெட்டுப்போன நாற்றம் என்று நினைத்திருப்பார். ஃப்ரிஜ்ஜின் மேலிருந்த மாதாவுக்கு வேண்டுமானால் அது எட்டாமல் இருந்திருக்கலாம்.

"டீச்சர், கொளுத்தாதீங்க!" என்று நான் கத்தியது எனக்கே யாரோ தூரத்தில் கத்துவதுபோல் கேட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குச்சி பெட்டியின் ஓரத்தில் அப்படியே நின்றது. தயாளன் பாய்ந்து அந்தப் பெண்ணை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். டீச்சரும் பின்னாலேயே ஓடினார். நான் ஃப்ரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லாத நேரத்தில் பிடுங்கினால் பொறி வராது, வந்தபிறகு பிடுங்க நமக்கு நேரம் இருக்காது. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். தயாளன் திரும்பி வந்து, ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, தரையோடு தரையாக அந்தக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளத்தை வாசல் பக்கம் விசிறித் தள்ளினான். அவன் விசிறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ரேடியோ திடீரென்று பாட ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. தெருவில் இருந்த ஃபேன், லைட்டு எல்லாம் உயிர் பெற்றன. இந்த வீட்டு ஃப்ரிஜ்ஜில் மட்டும் அந்த 'டிக்' கேட்கவில்லை. தயாளன் அதன் பிறகும் முறத்தைக் கீழே வைக்காமல் விசிறிக்கொண்டே இருந்தான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

வெளியே பூவரச மர நிழலில் ஜெசிந்தாவை உட்கார வைத்திருந்தார்கள். கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா கஞ்சியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். டீச்சர் பழத்தை உரித்து ஊட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார். மகள் கேட்டாள், பாதிப் பழம் வாயில் இருக்க, அரைக்கண்ணை மூடியபடி: "ஏம்மா ஸ்டவ் பத்தவைக்கல? இன்னைக்கு எனக்கும் ஒருசந்தியா?"

பல் கூச்சம்

மருந்துச் சீசாவை மண்ணூர் சோடாக் கடையில் மரத்தூள் போட்ட ஐஸ் பெட்டிக்குள், ஐஸ் மேலே படாமல் துணி சுற்றி வைத்தோம். கடைக்காரர் அதற்காகக் கலர் பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து அடுக்கிவிட்டார். நான் ஓட்டையை அடைத்து, மெட்ராஸிலிருந்து சரியான கேஸ் வரவழைத்து, அந்தப் பெட்டியை மறுபடி முனக வைத்தேன். அதுவரை தயாளன் தினமும் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே கோவில் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். சிலுவைப் பாதை முடிந்ததும் சாமியார் அறிவித்தார்: ஃப்ரிஜ்ஜு வைத்திருப்பவர்கள் யாரிடம் கேஸ் போட்டோம் என்று யோசித்துப் பார்க்கவும், அழுகின முட்டை நாற்றம் வந்தால் நெருப்புப் பற்றவைக்காமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து மெக்கானிக்கைக் கூப்பிடவும். சபையில் ஃப்ரிஜ்ஜு இருக்கிற குடும்பங்களை விரல்விட்டுச் சொல்லிவிடலாம், எல்லோரும் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் ஃப்ரிஜ்ஜு வாங்கி வைத்திருந்த ஒருத்தர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நேரம் ஜெபம் செய்தாராம்.

ஒரகடம் ரைஸ் மில் முதலாளிதான் எங்களை அலைய வைத்தார். தயாளனே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. "உன் கேஸு போட்டப்ப தண்ணி ஜில்லுனு இருந்துச்சு. அவன் கேஸு போட்டப்புறம் பல்லே கூசுது. நான் இன்னாத்துக்கு மாத்தணும்?" என்றார். வேறு வழியில்லாமல் டீச்சரையே அழைத்துக்கொண்டு போனோம். அவர் நடந்ததைச் சொன்னார், தீக்குச்சி நின்ற இடத்தையும் மகள் படுத்திருந்த இடத்தையும் கையால் காட்டினார். முதலாளி அப்போதும் பல் கூச்சத்திலேயே நின்றார். டீச்சர் கிளாஸில் பையன்களைப் பார்க்கிற பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூசறதுக்கு பல்லு இருக்கணும் இல்லீங்களா? அதுக்காவது மாத்திக்குங்க."

தூளி

ரைஸ் மில் வேலை முடிந்து திரும்பும்போது தயாளனிடம், இத்தோடு எல்லாம் தீர்ந்ததா என்று கேட்டேன். இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டியை விடச் சொன்னான். வழி நெடுக அவன் வாயில் பாட்டு வரவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் வெயில் சாய்ந்து கிடந்தது. ஒரு கூரை வீட்டு முன்னால் நிறுத்தச் சொன்னான். அவன் வீடு.

உள்ளே நன்றாகத் துடைத்து வைத்த, துருப்பிடித்த கால்களோடு ஒரு ஃப்ரிஜ்ஜு. காயலான் கடையிலிருந்து தூக்கி வந்து அவனே உயிர் கொடுத்தது. ஊரார் வீடுகளை முடித்துவிட்டு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தானாம். அதற்கு நேர் எதிரே, கைநீட்டும் தூரத்தில், கூரையைத் தாங்கும் பனங்கையில் புடவைத் தூளி கட்டித் தொங்கியது. தூளிக்குள் அவனுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மத்தியான வெக்கையில் குழந்தை அழுதால் அவன் மனைவி வசந்தா ஃப்ரிஜ்ஜுக் கதவைத் திறந்து விடுவாளாம். குளிர்ப்புகை தூளியைச் சுற்றிப் போகும், குழந்தை அப்படியே தூங்கிவிடும். தயாளன் முதலில் குழந்தையைத் தூக்கி மனைவியிடம் கொடுத்து, பக்கத்து வீட்டு வாசலுக்கு அனுப்பினான். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். மெயின் சுவிட்சை அணைத்தான். நான் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பேரும் பெட்டியை வயல் நடுவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அவனே குழாயை நறுக்கினான். உஸ்ஸென்று சத்தம். அறுத்த நெல் தாள்களின் மேல் காற்று நெளிந்து நெளிந்து, அதற்கப்பால் தெரிந்த பனைமரங்கள் ஆடின. அழகாகத்தான் இருந்தது. நான் வழக்கம்போல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். தயாளன் பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை நிமிரவே இல்லை.

வசந்தா குழந்தையை மார்போடு அணைத்தபடி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதாவது தப்புச் செய்துவிட்டானா என்று என்னிடம்தான் கேட்டாள். எரிகிற கேஸ் என்று மட்டும் சொன்னேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் போடறதுக்கு மின்னாடி, மொதமொதல்ல எம்புள்ளைக்குத்தாண்ணா போட்டாரு. நல்லா கூலிங் ஆவுதுன்னு நான்தான் ஊர் பூரா சொல்லிக்கினு இருந்தேன்."

அன்றிலிருந்து ஃப்ரிஜ்ஜு குளிரவில்லை என்று யாராவது திட்டினால் நிம்மதியாகக் கேட்டுக்கொள்கிறேன், "நல்லா கூலிங் ஆகுதுங்க" என்று யாராவது பாராட்டினால்தான் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது.